சூலான் அரசனுக்கு எந்த முகம்?

ஜொகூர் மாநிலத்தின் கோத்தா திங்கி மாவட்டத்தில், ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில், இன்று லிங்கியு நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கிறது. 1990-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, சிங்கப்பூரின் குடிநீர்த் தேவையைக் கருதிக் கட்டப்பட்ட அணை அது. அந்த வட்டாரத்தில் கருங்கல் கோட்டை ஒன்று இருந்ததாகப் பழைய மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' சொல்கிறது. கடல் கடந்த தென்னிந்திய நாட்டிலிருந்து பெரும்படையோடு வந்த ஓர் அரசன் அந்தக் கோட்டையை வளைத்தான். அதை ஆண்ட ராஜா சூலினை வென்றான். அவன் மகள் ஓனாங் கியுவை மணந்தான். வந்தவனின் பெயர் பிரதிக்குப் பிரதி சூலான் என்றும் சூரான் என்றும் மாறுகிறது. ராஜேந்திர சோழனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பின் நினைவுதான் இக்கதையில் படிந்திருக்கிறது என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. இந்த மரபின் அரசன் கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்கியதாகவும், அங்கே ஓர் இளவரசியை மணந்ததாகவும், மலாக்கா சுல்தான்களின் குலமே அந்த வழியில் கிளைத்ததாகவும் அதே நூல் சொல்கிறது. டேப்லெட்டும் ஸ்டைலஸும் வைத்துக்கொண்டு மாயக்கதை மாந்தரின் உருவப்படம் வரைய விரும்பும் ஜொகூர்த் தமிழ் இளைஞருக்கு இதைவிட வளமான கதைக்களம் எங்கே கிடைக்கும்?

ஆனால் இத்துறையில் புதிதாகக் கால்வைப்பவர்கள், உலகின் எந்த மூலையில் இருந்தாலும், முதலில் வரைவது பெரும்பாலும் ஒரே ஆளைத்தான்: இரும்புக் கவசம், தோளில் விலங்கின் மயிர்த்தோல், பின்னாலிருந்து நீல ஒளி. 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டும் அதன் வழிவந்த கணினி விளையாட்டுகளும் பரப்பிய முகம் அது. சோழ அரசன் என்று பெயர் சூட்டினாலும் அதே மயிர்த்தோல் தோளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிலநடுக்கோட்டுக்குச் சுமார் இரண்டு பாகை வடக்கே, ஆண்டு முழுதும் வியர்த்துக் கொட்டும் ஜொகூர்க் காட்டில் அந்த உடுப்போடு ஒருவன் அரை நாள்கூட நடக்க முடியாது. வரைந்தவருக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். அவர் படத்தைப் பார்த்தவர்கள் அனைவரும் 'அருமை' என்று சொல்லிவிட்டுப் போனார்கள்; 'இவனுக்கு வெயில் அடிக்காதா?' என்று எவரும் கேட்கவில்லை. மாயக்கதை உருவப்படத்தை உயர்த்துவது கற்பனை வளம் மட்டுமே என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். இவ்வகைப் படத்துக்குத்தான் பிறர் கண் அதிகம் தேவை. விவரம் அறிந்த பலர் பார்த்துக் குறை சொல்லாமல் அது தேறாது.

காரணம் எளியது. பக்கத்து வீட்டுப் பாட்டியை வரையும்போது முகம் எதிரிலேயே இருக்கிறது; பிழை வந்தால் அந்த முகமே காட்டிக் கொடுத்துவிடும். கடலடிக்குப் போன அரசனுக்கு அப்படி ஒப்பிட ஆள் கிடையாது. நடக்காத ஒன்றைப் பார்வையாளர் நம்ப வேண்டுமானால், அதைச் சுற்றியுள்ள நடக்கக்கூடிய எல்லாமே சரியாக அமைய வேண்டும்: எலும்பு, தசை, ஒளி, துணியின் கனம், உலோகத்தின் பளபளப்பு. இதில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று சற்று நெருங்கிப் பார்க்கலாம். முக்கால்முகமாகத் திரும்பிய தலையில் அப்பாலுள்ள கண்ணை, நேரே பார்க்கும் கண்ணின் அகலத்துக்கே வரைந்துவிடுவது முதல் பிழை. கிரீடத்தை நெற்றியோடு பொருத்திவிட்டுப் பின்மண்டையை மறந்துவிடுவது இரண்டாவது. கிரீடம் தலையில் அமராமல் காற்றில் நிற்கும். மார்பில் கிடக்கும் ஆரங்கள் மார்பின் வளைவோடு வளையாமல் ஒட்டவைத்த தாள்போலத் தட்டையாக இருக்கும். பழுப்புத் தோலின் நிழலுக்குக் கறுப்பைக் கலப்பார்கள். முகம் சாம்பல் பூத்துப்போகும். அங்கே வேண்டியது செம்மை கலந்த அடர்பழுப்பு. நம் நிறத்துத் தோலில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் மினுக்கம் வானத்தின் நிறத்தை வாங்கி, சுற்றியுள்ள பகுதியைவிட மிகத் தெளிவாக எடுபடும். ஒளி பின்னாலிருந்து வந்தால் காதுமடல் சிவந்து தெரியும்; ஒளி சதைக்குள் புகுந்து வெளியே வருவதால் நேர்வது அது. பாடக் காணொலிகளில் கணிசமானவை வெளிர்தோலை வைத்தே கற்றுத் தருவதால், இந்த நிறக்கணக்கை நம் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, அல்லது யாராவது சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

தானே பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். லியொனார்தோ டா வின்சி ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை ஒன்று உண்டு: வரைந்ததைக் கண்ணாடியில் பார், இடம் வலம் மாறி வேறொருவர் வரைந்ததுபோல் தோன்றும், அப்போது குறை தெரியும். இன்று கிரிட்டா மென்பொருளில் 'எம்' விசையைத் தட்டினால் அதே வேலை நொடியில் நடக்கிறது. ஒரு பக்கம் சரிந்த தாடை உடனே கண்ணில் படுகிறது. நிறத்தை நீக்கிச் சாம்பல் அளவில் பார்ப்பதும் இப்படிப்பட்ட உதவிதான். ஒளியும் நிழலும் ஒழுங்காகப் பிரிந்திருக்கின்றனவா என்பது விளங்கும். ஆனால் கண்ணாடிக்குக் கோணல்தான் தெரியும். சோழர் காலத்து ஆரம் எப்படி இருந்தது என்று தெரியாது. அதே லியொனார்தோ, ஓவியர் எவருடைய கருத்தையும் கேட்க மறுக்கக் கூடாது என்றும் எழுதிவைத்தார். கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸ் பற்றிப் பிளினி சொல்லும் கதையும் பலர் அறிந்தது. அவர் தம் படத்துக்குப் பின்னால் மறைந்திருந்து பார்ப்பவர்கள் பேசுவதைக் கேட்பார். செருப்புத் தைப்பவர் ஒருவர் காலணியில் குறை சொன்னார். மறுநாளே அது திருத்தப்பட்டிருந்தது. அதில் ஊக்கம் பெற்று அவர் காலையும் குறை சொல்லப்போக, உன் தொழிலோடு நிறுத்திக்கொள் என்று ஓவியர் தடுத்தார். கதையின் பிற்பகுதியையே எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முற்பகுதிதான் முக்கியம். அந்தக் காலணியைப் பொறுத்தவரை ஓவியரைவிட அவருக்கே அதிகம் தெரிந்திருந்தது. ஓவியர் அதை ஏற்றுத் திருத்தினார்.

பிறர் குறை சொல்லக் கேட்டுத் திருத்துவது வெளியூர்ச் சரக்கு என்று எண்ண வேண்டாம். தொல்காப்பியம் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில், அவர் எழுப்பிய ஐயங்களுக்கு விடை கூறி அரங்கேறியதாக அந்நூலின் பாயிரமும் அதன் உரைமரபும் சொல்கின்றன. கேள்விக்கு உட்படாத நூல் நூலாகாது என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு பழையது. செஜாரா மெலாயுவும் அப்படிப் பிறந்ததுதான். 1612-இல் ஜொகூர் அரசவையில், கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய வரலாற்றேடு ஒன்று இருப்பதாகவும் அதைச் சீர்செய்ய வேண்டும் என்றும் பேச்சு எழுந்தது. பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் அந்தப் பொறுப்பை ஏற்றார் என்று நூலின் முன்னுரை கூறுகிறது. 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற இந்த நூல், முன்னிருந்த ஒன்றைக் குறை கண்டு திருத்தியதன் பயன். ஜொகூர் மண்ணில் படைப்பும் திருத்தமும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

கற்பனைப் பாத்திரத்துக்குச் சரி ஏது, தவறு ஏது என்பது வலுவான மறுப்பு. லிங்கியுக் கோட்டை எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? 2005-இல் ஜொகூர்க் காட்டில் கோத்தா கெலாங்கி என்னும் தொலைந்த நகரம் இருப்பதாகச் செய்தித்தாள்கள் பரபரப்பாக எழுதின. உறுதியான சான்று கிட்டவில்லை. சான்று இல்லாத இடத்தில் ஓவியருக்கு முழு உரிமை உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உரிமை எங்கே தொடங்குகிறது என்று தெரிய, சான்று எங்கே முடிகிறது என்று முதலில் தெரிய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் 1931-இல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் ஓவியங்கள் இருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பம் இருக்கிறது. மாலை பெறுபவர் ராஜேந்திரனையே குறிக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. திறந்த மார்பு, அடுக்கிய அணிகள், உயர்த்திக் கட்டிய முடி ஆகியவற்றை அங்கே பார்க்கலாம். இவற்றைப் பார்த்த பிறகு ஒருவர் சூலானுக்கு மீன்செதில் கவசம் அணிவித்தால் அது தேர்வு. பாராமலே அணிவித்தால் அது அறியாமை. விமர்சகரின் வேலை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது.

சான்று உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் செஜாரா மெலாயுவிலேயே இரு வேறு எடுத்துக்காட்டுகள் உள்ளன. சாயோங் பகுதியைச் சேர்ந்த அடிமை பாடாங்கின் மீன்கூட்டிலிருந்து தினமும் மீனைத் தின்றுவிட்டுப் போகும் பேய்க்கு நூல் ஒரு முழு அடையாளமே தருகிறது: நெருப்பாய்ச் சிவந்த கண், கூடைபோன்ற தலைமுடி, தொப்புள்வரை இறங்கும் தாடி. அந்தத் தாடியைப் பிடித்துத்தான் பாடாங் அதை மடக்குகிறான். தாடியில்லாத பேயை வரைந்தால் கதையே நடக்காது. அங்கே குறை சொல்வது எளிது. குனோங் லேடாங் இளவரசியின் கதை வேறு. 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த ஜொகூர் மலைக்கு மலாக்கா சுல்தானின் தூதராகப் போன துன் மாமாட்டின் முன் வந்தவள் ஒரு மூதாட்டி. பொன்பாலமும் வெள்ளிப்பாலமும், தட்டுத்தட்டாய்க் கொசுவின் இதயமும், இளவரசனின் இரத்தமும் கேட்டு நிபந்தனைகளைச் சொன்னவள் அவளே. இளவரசியே கிழவி வடிவில் வந்தாள் என்று சிலர் சொல்வதாகவும் நூல் குறிப்பிடுகிறது. இளவரசியின் சொந்த முகத்தைப் பார்த்தவர் எவருமில்லை. 2004-இல் சா தியோங் ஹின் இயக்கிய திரைப்படத்தில் தியாரா ஜாக்குலினா நடித்த பிறகு ஒரு தலைமுறைக்கு அந்த முகமே இளவரசியின் முகமாகிவிட்டது. இங்கே ஒரு புதிய படத்தைப் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறாக இருக்கும்: மலையுச்சியின் மூடுபனியில் விளிம்புகள் மங்கி, கறுப்பு வெளுத்துத் தெரிய வேண்டுமே, இவள் புருவம் மட்டும் ஏன் கத்திபோல் கூர்ந்து நிற்கிறது? மணம் வேண்டாம் என்று மறைமுகமாகச் சொன்ன பெண் ஏன் பார்ப்பவரை நோக்கிப் புன்னகைக்கிறாள்? தமிழில் இதற்கு இணையான வெற்றி ஓவியர் மணியத்தினுடையது. 1950-களில் 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு அவர் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும் கற்பனை முகங்கள்தாம். ஆனால் கோயிலையும் சிற்பத்தையும் நேரில் போய்ப் பார்த்த கையிலிருந்து பிறந்தவை. வாரந்தோறும் கதையாசிரியரின் கண்ணுக்கும் ஆயிரக்கணக்கான வாசகர்களின் கண்ணுக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தவை. 2022-இல் மணிரத்னத்தின் படம் வந்தபோதும் பலர் அவற்றோடுதான் ஒப்பிட்டார்கள்.

குறை சொன்னால் பிள்ளைகள் மனம் உடைந்து வரைவதையே விட்டுவிடுவார்கள் என்ற கவலை உண்மையானது. அதைத் தள்ளிவிட மாட்டேன். உளவியலாளர்கள் அவ்ரகாம் க்ளூகரும் ஆஞ்செலோ டெநிசியும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வெளிச்சம். அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, 600-க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைக் கணக்கிட்டார்கள். பிறர் கருத்தைக் கேட்பது சராசரியாகச் செயல்திறனை உயர்த்தியது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளில் அது திறனைக் குறைத்தது. கேட்பவரின் கவனம் செய்த வேலையிலிருந்து விலகித் தம்மைப் பற்றிய எண்ணத்துக்குத் திரும்பும்போது பயன் தேய்கிறது என்பது அவர்களின் விளக்கம். 'உனக்கு வராது' என்பது ஆளைத் தாக்குகிறது. 'நீ பிறவிக் கலைஞன்' என்பதும் ஆளைப் பற்றிய பேச்சுதான், அதுவும் உதவாது. 'இடது காது புருவ மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறது' என்பது படத்தைப் பற்றியது, அழித்து வரைந்துவிடலாம். நம் வீடுகளிலும் சங்கங்களிலும் முதல் இரண்டும் தாராளமாகப் புழங்குகின்றன. மூன்றாவதுதான் அரிது.

தொழிற்கூடங்களில் அந்த மூன்றாவதுதான் அன்றாட நடைமுறை. திரைக்காட்சி வேலை நடக்கும் நிறுவனங்களில் 'டெய்லிஸ்' என்று ஒரு வழக்கம் உண்டு. முடிவுறாத வேலையைத் திரையில் போட்டு, எல்லார் முன்னிலையிலும் திருத்தம் சொல்வார்கள். பாத்திர வடிவமைப்பில் கலை இயக்குநர் படத்தின்மேல் தனி லேயர் ஒன்றைத் திறந்து, சிவப்புக் கோட்டால் தாடையை நகர்த்திக் காட்டிவிடுவார். இஸ்கந்தர் புத்திரியில் 2014-இல் திறக்கப்பட்ட திரைப்பட வளாகத்தில் 'மார்கோ போலோ' தொடர் படமானது; அங்கே கால் பதிப்பவருக்கும், பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை தேடுபவருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும். வேலை நிலைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. லூகாஸ்ஃபில்ம் தன் சிங்கப்பூர்க் கிளையை மூடப்போவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தபோது 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். நிறுவனம் போனாலும், திருத்தம் கேட்டு வாங்கத் தெரிந்த கை பிழைத்துக்கொள்ளும்.

திருத்தம் சொல்பவர் தம் ருசியையே திணிப்பார் என்பதும் நியாயமான அச்சம்தான். ரவிவர்மா இந்திய தெய்வங்களுக்கு முகம் கொடுத்தார். கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமி அந்தப் படங்களை நாடகத்தன்மை கொண்டவை என்று சாடினார். இன்றுகூட அவை நம் வீட்டுப் பூசையறைகளில் தொங்குகின்றன. விமர்சகர் சொன்னதே முடிவு என்றிருந்தால் அவை தொங்கியிருக்கா. ஆகவே ஒருவர் வாக்கை வேதமாக்கக் கூடாது; பலரைக் கேட்க வேண்டும், அவரவர் அறிந்ததை அவரவரிடம் கேட்க வேண்டும். ஜொகூரில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்? அணிகலனுக்கு ஓர் ஆசாரியைக் கேளுங்கள். பலகோணப் பட்டை தீட்டிய வைரம் பிற்கால ஐரோப்பியத் தொழில் என்றும், பழைய நகைகளில் உருட்டி மெருகேற்றிய கற்களே மிகுதி என்றும் அவர் சொல்வார். உருட்டிய மாணிக்கத்தில் ஒளி விழும் பக்கம் சிறு வெண்புள்ளி தெரியும்; கல்லின் உள்நிறம் சுடர்விடுவது எதிர்ப்பக்கத்தில். சோங்கெட் துணி நெய்பவருக்குப் பொன்சரிகை எந்த மடிப்பில் மின்னும், எதில் அணையும் என்று தெரியும். மலாய்ப் பண்பாடு அறிந்தவரிடம் கெரிஸ் குறுவாளை இடுப்பில் எப்படிச் செருகுவது என்று கேட்கலாம். கற்றுத்தர ஆளில்லாத நேரத்தில் ஜொகூர் பாருவின் ராஜகாளியம்மன் கோயிலுக்குப் போகலாம். 1922-இல் சிறு குடிலாகத் தொடங்கி, 2009-இல் கண்ணாடிக் கோயிலாக எழுந்தது அது. சுவரிலும் கூரையிலும் சுமார் 3 லட்சம் கண்ணாடித் துண்டுகள் பதிந்திருக்கின்றன. அங்கே சற்று நின்று பார்த்தால் ஓவியருக்கு ஒரு பாடம் கிடைக்கும்: எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில் ஒளிர்வதில்லை, பார்ப்பவர் கண்ணை நோக்கிச் சாய்ந்தவை மட்டுமே சுடர்விடுகின்றன, மற்றவை நிறமாக அடங்கிக் கிடக்கின்றன. ஒரு கிரீடத்தின் எல்லாக் கல்லிலும் வெண்புள்ளி வைப்பவர் இதைப் பார்த்ததில்லை என்று பொருள்.

செயற்கை நுண்ணறிவு நொடியில் நூறு அரசர்களை வரைந்து கொடுக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2022-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில் மிட்ஜர்னி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி கொண்டு உருவாக்கிய படம் டிஜிட்டல் பிரிவில் முதல் பரிசே வாங்கியது. அப்படிப் பிறந்த படத்திலும் மயிர்த்தோல் பொருந்தாததுதான், காதுமடல் தவறான இடத்தில் இருந்தால் தவறுதான். இயந்திரம் தான் விழுங்கிய படங்களில் எது மிகுதியோ அந்தப் பக்கமே சாயும். லிங்கியுவும் சாயோங்கும் அதற்கு மிக அரிதாகவே ஊட்டப்பட்டிருக்கும். அது தருவதில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்று சொல்லப் பயின்ற கண் வேண்டும். பிறர் குறை சொல்லக் கேட்டு, அழித்து, மறுபடி வரைந்து வளர்ந்த கண்ணுக்கே அந்தப் பயிற்சி வாய்க்கும்.

ஜொகூரின் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் இளைஞர் மன்றங்களும் ஆண்டுக்கு ஒருமுறை இதற்கு இடம் தர வேண்டும். சூலானையும் பாடாங்கையும் லேடாங் இளவரசியையும் வரைந்த முடிவுறாத படங்களைத் திரையில் காட்டுங்கள். ஒரு பொற்கொல்லர், ஒரு சிற்பி, ஒரு நெசவாளர், வரலாறு கற்பிக்கும் மலாய் ஆசிரியர் ஒருவர், உடற்கூறு அறிந்த மருத்துவர் ஒருவர் ஆகியோரை அழையுங்கள். வரைந்தவர் விளக்கம் சொல்லும்முன் அவர்கள் பார்த்ததைச் சொல்லட்டும். பரிசு கொடுப்பதானால் முதல் படத்துக்குக் கொடுக்க வேண்டாம். குறை கேட்டபின் ஒரு மாதம் கழித்துக் கொண்டுவரும் இரண்டாம் படத்துக்குக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை டேப்லெட்டை நீட்டி 'எப்படி இருக்கு?' என்று கேட்டால், உங்கள் கண் முதலில் எங்கே போனது, எங்கே தடுக்கி நின்றது என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். ஓவியம் தெரியாதவரும் அதைச் சொல்லலாம்.